கம்பிவழிப் பேக்கப்: பரபக்கமும் சுபக்கமும்

அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் பிற மதத்தாரை முதலில் வரிசையாக நிறுத்தி மறுத்துவிட்டு, அதன் பிறகே தம் கொள்கையை நாட்டுகிறார். முன்னது பரபக்கம், பின்னது சுபக்கம். வீட்டுக் கணினியில் உள்ளதை லேன் கேபிள் வழியே வேறொரு பெட்டிக்கு நகலெடுத்து வைக்கும் கலையை இம்முறையில் ஆராயாமல் விட்டது அறிஞர் உலகின் பெருங்குறை. அதை நீக்கவே இந்த முயற்சி.

முதலில் பரபக்கம். எதிர்த்தரப்பில் முன்வரிசையில் இருப்பவர் உலகாயதர். “டிஸ்க் இன்று ஓடுகிறது. கண்ணால் காண்பதே பிரமாணம். நாளைக்குப் போய்விடும் என்பது வெறும் அனுமானம்” என்பது இவர் வாதம். இவரை வாதத்தால் வென்றவர் இல்லை. டிஸ்க் ஒருநாள் டக் டக் என்று சத்தமிட ஆரம்பிக்கும்போது, தாம் நம்பிய பிரத்தியட்சத்தாலேயே தோற்பார். அன்று அவரோடு வாதிடுவது பண்பாகாது.

அடுத்தவர் பென்டிரைவ் மதத்தார். இவர்களிடம் காப்புநகல் உண்டு. ஆனால் அது எந்த பென்டிரைவில் என்பதில் உட்பிரிவுகள் பல. போதாக்குறைக்கு, ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்த டிரைவில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு ஏறாது. முகூர்த்த வீடியோ ஒரே கோப்பாக 7 ஜிபி இருந்தால் அதை விட்டுவிட்டு, வரவேற்பில் எடுத்த ஃபோட்டோக்கள் மட்டும் மறுமைக்குப் போய்ச் சேரும்.

மூன்றாமவர் மாயாவாதி. “எல்லாம் கிளவுடில் இருக்கு” என்பார். எங்கே என்று கேட்டால் கையை மேலே காட்டுவார். இவரிடம் கணக்குப் பேச வேண்டும். நொடிக்கு 40 மெகாபிட் அப்லோடு என்றால் 5 எம்பி. 500 ஜிபி ஏறிமுடிய ஒரு முழுநாளும் இன்னும் நான்கு மணி நேரமும் ஆகும். அதே அளவு திரும்ப இறங்கியும் வர வேண்டும். தவிர, இவர் பேக்கப் என்று நம்புவது பெரும்பாலும் சிங்க். இங்கே அழித்தது அங்கேயும் அழிந்துவிடும். குப்பைத்தொட்டியில் கிடக்கும் சில நாள் மட்டுமே அதற்கு ஆயுள்.

கடைசியாக வைஃபை மதத்தார். இவர்கள் அகச்சமயத்தார்; நமக்கு மிக நெருங்கியவர்கள்; ஆகவே இவர்களோடுதான் சண்டை அதிகம். பெட்டியும் வாங்கியிருப்பார்கள், மென்பொருளும் போட்டிருப்பார்கள், கேபிளை மட்டும் ஒப்பமாட்டார்கள். வைஃபையில் ஒரே சேனலைப் பகிரும் கருவிகள் மாறிமாறித்தான் பேச வேண்டும். 5 கிகாஹெர்ட்ஸ் அலை கான்கிரீட் சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு இறங்கினால் அங்கே மைக்ரோவேவ் அடுப்பு காத்திருக்கிறது. ஃபோனில் படம் பார்க்க இதெல்லாம் தடையில்லை. அரை டெராபைட்டைக் கடத்தத் தடை.

இனி சுபக்கம். ஈதர்நெட்டின் தோற்றம் 1973 மே 22. அமெரிக்காவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வுக்கூடத்தில் பாப் மெட்காஃப் எழுதிய குறிப்பொன்றில் அது பிறந்தது. ஒளி பரவ ஊடகமாக இருப்பதாகப் பழைய பௌதிகர்கள் நம்பிய ஈதரின் பெயரை அவர் இதற்குச் சூட்டினார். அந்த ஈதரைத் தேடி மைக்கல்சனும் மோர்லியும் கிளீவ்லாந்தில் சோதனை நடத்திக் காணாமல் கைவிரித்த ஆண்டு 1887. பல ஊர்களில் தேடிச் சேர்த்த ஏட்டுப்பிரதிகளை ஒப்புநோக்கி உ.வே.சாமிநாதையர் சீவக சிந்தாமணியை அச்சேற்றியதும் அதே 1887. ஒரே பிரதியை நம்பியிருந்தால் அந்தப் பதிப்பு என்ன ஆகியிருக்கும் என்பதை ஏடு பிரித்துப் பார்த்தவர் அறிவர். இந்த இரண்டு நிகழ்ச்சிகளுக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. ஆய்வுக் கட்டுரையில் அது ஒரு தடையல்ல.

நகலின் வகைகளுக்கு நன்னூலே போதும். கணினியில் இருப்பது முதல்நூல். அதை முழுதாகப் பெயர்த்து வைத்தது வழிநூல். அதன்பின் மாறியதை மட்டும் அன்றன்று எடுத்து வைப்பது சார்புநூல். 1996-இல் ஆண்ட்ரூ டிரிட்ஜெல்லும் பால் மெக்கெராஸும் வெளியிட்ட ஆர்சிங்க் நிரல், இரு பக்கத்துக் கோப்புகளையும் ஒப்பிட்டு வேறுபட்ட பகுதியை மட்டும் கேபிளில் அனுப்பும். அதில் டெலிட் என்ற ஒரு விருப்பத்தைச் சேர்த்தால் மூலத்தில் இல்லாததை நகலிலும் நீக்கிவிடும். காலியான ஃபோல்டரை மூலமாகக் காட்டி இதை ஓட்டுபவருக்கு வழிநூலும் காலி.

கேபிள் சுவரோரமாகப் போவதா, கதவுநிலைக்கு மேலே போவதா, சாமி அலமாரிக்குப் பின்னால் போகலாமா என்பவை குடும்ப நீதிமன்றத்துக்கு உரியவை, இங்கே வேண்டாம். கேபிளின் முனைதான் கவனிக்கத் தக்கது. உறையை ஓர் அங்குலம் சீவினால் முறுக்கிய நான்கு ஜோடிகளாக எட்டுக் கம்பிகள் தெரியும். முறுக்கைப் பிரித்து நீவி, ஆரஞ்சுவெள்ளை, ஆரஞ்சு, பச்சைவெள்ளை, நீலம், நீலவெள்ளை, பச்சை, பழுப்புவெள்ளை, பழுப்பு என்ற வரிசையில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவே தட்டையாகப் பிடித்து, நுனியை ஒரே சீராக நறுக்கி, கனெக்டருக்குள் செலுத்தி, கிரிம்பிங் டூலில் அழுத்த வேண்டும். அழுத்தும் அந்தக் கணத்தில் ஏதாவது ஒரு கம்பி பின்வாங்கும்.

பின்வாங்கியது நீலமோ பழுப்போ என்றால் யாருக்கும் தெரியவராது. நொடிக்கு 100 மெகாபிட்டுக்கு ஆரஞ்சு, பச்சை ஜோடிகளின் நான்கு கம்பிகள் போதும். ஒரு கிகாபிட்டுக்குத்தான் எட்டும் வேண்டும். கருவிகள் தமக்குள் பேசி 100-க்கு இறங்கிவிடும். விளக்கும் எரியும், “நெட்டு வருதே” என்று வீடே சாட்சி சொல்லும். ஒண்ணேகால் மணி நேரத்தில் முடிய வேண்டிய 500 ஜிபி பன்னிரண்டு மணி நேரத்தைத் தாண்டி ஓடும். காப்பி ஆகும் வேகம் 11 எம்பியைத் தாண்ட மறுத்தால் பெட்டியைத் திட்டாதீர்கள். முனையை வெட்டிவிட்டு மறுபடி கிரிம்ப் செய்யுங்கள்.

கம்பி சரியானதும் முகவரிக் கோளாறு வரும். கரண்ட் போய் வந்தபின் ரவுட்டர் பெட்டிக்கு வேறு ஐபி முகவரி கொடுத்துவிடலாம். கணினியோ பழைய முகவரியிலேயே கதவைத் தட்டிவிட்டுச் சத்தமில்லாமல் திரும்பிவிடும். ரவுட்டரின் செட்டிங்கில் பெட்டிக்கு ஒரே எண்ணை ஒதுக்கி வைத்தால் தீரும். பெட்டியைக் கணினியில் ஒரு டிரைவாக எப்போதும் திறந்து வைப்பதும் ஆகாது. கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாக்ரை 2017 மே மாதம் பரவியதே விண்டோஸின் கோப்புப் பகிர்வு வாசல் வழியாகத்தான். பேக்கப்புக்கென்று தனிப் பயனர் பெயர், தனிக் கடவுச்சொல் வேண்டும்.

எடுத்த நகல் திரும்ப வருமா என்பதும் தனிக் கேள்வி. பிக்ஸாரில் 1998-இல் டாய் ஸ்டோரி 2 படத்தின் கோப்புகள் தவறான ஒரு கட்டளையால் அழிந்தன. பேக்கப்பும் ஒழுங்காக இல்லை என்பது அதைத் தேடிப் போனபோதுதான் தெரிந்தது. கைக்குழந்தையோடு வீட்டிலிருந்து வேலை பார்த்த கேலின் சூஸ்மன் வீட்டுக் கணினியில் ஒரு பிரதி இருந்தது. அந்தக் கணினியைப் போர்வையில் சுற்றி, காரின் பின்சீட்டில் வைத்துக் கொண்டுவந்தார்கள். ஆகவே மாதம் ஒரு கோப்பையாவது நகலிலிருந்து எடுத்துத் திறந்து பார்ப்பது விதி.

பேக்கப் நிபுணர்கள் சுவிட்சைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. பேக்கப்பை இரவு 2 மணிக்கு வைப்பது உலக வழக்கு. நம் வீடுகளிலோ 10 மணிக்கு ஒரு ரோந்து உண்டு.

“அப்பா, அந்த சுவிட்ச்ச ஏம்ப்பா அணைச்சீங்க?”

“ஆளில்லாத ரூம்ல பச்ச லைட்டு எரியுது. பில்லு நீயா கட்டுற?”

பெரியவர் கட்சியையும் கணக்கிட வேண்டும். 15 வாட் இழுக்கும் பெட்டி இரவும் பகலும் ஓடினால் இரண்டு மாதத்தில் ஏறத்தாழ 22 யூனிட். தமிழ்நாட்டில் வீட்டு மின்கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண விகிதமே மாறிவிடும். 490-இல் நிற்கும் வீட்டுக்கு அந்தப் பச்சை விளக்கு உண்மையிலேயே ஆபத்து. சுவிட்சில் ஒட்டும் “அணைக்காதீர்கள்” சீட்டு இந்தக் கணக்குக்குப் பதிலாகாது.

எனவே சித்தாந்தம் இதுவே: பெட்டி எட்டு மணிக்குத் தானே விழித்து ஒன்பதுக்குத் தானே அணையும்படி டைமர் வைக்க வேண்டும். அந்நேரம் கணினியில் யாராவது உட்கார்ந்திருப்பார்கள், ரோந்துக்காரர் சீரியலில் இருப்பார். அன்றன்றைய சார்புநூல் முதல் விளம்பர இடைவேளைக்குள் போய்ச் சேர்ந்துவிடும். வழிநூலுக்குத்தான் ஒண்ணேகால் மணி நேரம் வேண்டும். அதற்கு ஞாயிற்றுக்கிழமைப் படம் இருக்கிறது.