ஒரு தடவை கழட்டிப் பாத்திரலாம்

பழைய லேப்டாப்பைப் பழுதுபார்க்க எடுத்துக்கொண்டு போகிறவர்கள், தெருமுனை தாண்டும்வரை அதைக் காய்கறிப் பைக்குள் போட்டு மேலே இரண்டு முருங்கைக்காய் வைத்துக்கொண்டு போவது நல்லது. நான் அப்படிப் போகவில்லை. வேளச்சேரியில் எங்கள் எதிர்வீட்டு சார், வாசலில் நாளிதழை மடித்துக்கொண்டே என் கையைப் பார்த்துவிட்டார்.

"என்ன தம்பி, சார்ஜ் ஏறலையா?"

"ஆன் ஆகலை சார். கடையில குடுக்கலாம்னு..."

"கடையிலயா!" பெற்ற பிள்ளையை விற்கப் போகிறவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "போர்டு போச்சும்பான். புதுசு வாங்கிக்கங்கம்பான். இப்படிக் குடுங்க. ஒரு தடவை கழட்டிப் பாத்திரலாம்."

அது ஆவணி மாதம். லேப்டாப் திரும்பி வந்தது மார்கழியில்.

இந்த சார் எங்கள் தெருவுக்கு மட்டும் உரியவர் அல்ல. உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். தொலைபேசித் துறையிலோ மின்சாரத்திலோ ரிட்டையர் ஆனவர். வால்வு ரேடியோ காலத்தில் ரேடியோவைத் திறந்தார், டேப் ரிக்கார்டர் காலத்தில் சிக்கிய நாடாவைப் பென்சிலால் சுற்றினார். இன்றைக்கு அவருக்கு மிஞ்சியிருப்பது பத்துப் பதினைந்து வருடத்துக்கு முந்தைய லேப்டாப்தான். செல்போனைப் பசை போட்டு ஒட்டிவிடுகிறார்கள். இப்போது வரும் பல மெல்லிய லேப்டாப்புகளில் ராமையே போர்டோடு சேர்த்துப் பற்றவைத்துவிடுகிறார்கள். "மனுஷன் திறக்கக் கூடாதுன்னே செய்யறான் தம்பி" என்று சார் சொல்லும்போது குரல் தழுதழுக்கும். பழைய லேப்டாப்பின் அடியில் பத்துப் பன்னிரண்டு ஸ்க்ரூ இருக்கும். சாருக்கு அது வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த மாதிரி.

என்னுடையது அப்படிப்பட்ட ஒன்றுதான். 2011இல் தமிழக அரசு தொடங்கிய திட்டத்தில், பிளஸ் டூ படிக்கும்போது என் தங்கைக்குக் கிடைத்த விலையில்லா மடிக்கணினி. அவள் கல்யாணமாகிப் போகும்போது நகையை எடுத்துப் போனாள். இதை எனக்கு விட்டுப் போனாள். யாரும் விலைக்குக் கேட்காத நிலைக்கு வந்துவிட்டதால் இப்போது 'விலையில்லா' என்ற பெயர் இன்னும் பொருந்துகிறது.

இரண்டாம் நாள் கூப்பிட்டு அனுப்பினார். சாப்பாட்டு மேசையில் பலாப்பழம் அறுப்பதற்கு விரிப்பதுபோல் பழைய நாளிதழ் விரித்திருந்தது. நடுவில் என் லேப்டாப், மல்லாக்க. பக்கத்தில் குழிப்பணியாரச் சட்டி. ஏழு குழியிலும் ஸ்க்ரூக்கள்.

"இது மேல்வரிசை, இது கீல், இது ஹார்டு டிஸ்க். குழி மாறிச்சுன்னா குடி கெட்டுச்சு" என்றார். அதில் மிகையில்லை. குட்டை ஸ்க்ரூவின் இடத்தில் நீள ஸ்க்ரூவை முறுக்கினால், கீபோர்டுக்குக் கீழே கை வைக்கும் இடத்தில் கொப்புளம் எழும்பும். யோகம் இல்லாவிட்டால் உள்ளே போர்டிலேயே குத்தும்.

அவர் வைத்தியத்துக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் பேட்டரியைக் கழற்றுவார், சார்ஜரைப் பிடுங்குவார், பவர் பட்டனை முப்பது விநாடி அழுத்திப் பிடிப்பார். உள்ளே தங்கிய மின்சாரம் வடிந்துபோக. பாதி லேப்டாப்புகள் இதிலேயே எழுந்துவிடும் என்பார். எழுந்துவிட்டால் அவருக்கு ஏமாற்றம்தான், காட்டிக்கொள்ள மாட்டார். அடுத்து ராம். பேத்தியின் பென்சில் பெட்டியிலிருந்து எடுத்த ரப்பரால் ராமின் தங்கப் பல்வரிசையைத் தேய்ப்பார், குழந்தைக்குப் பல் விளக்கிவிடுகிற பொறுமையோடு. தேய்த்த தூளை ஊதக் கூடாது, எச்சில் படும்; பிரஷ்ஷால்தான் தட்ட வேண்டும். இதைச் சொல்லிவிட்டு ஊதுவார்.

பிறகு பீப். ஆன் ஆகாத லேப்டாப் சில சமயம் கத்தும். ஒரு நீளம் இரண்டு குட்டை என்றால் ஒரு பலன், விடாமல் குட்டை குட்டையாக என்றால் வேறு பலன், கம்பெனிக்குக் கம்பெனி அதுவும் மாறும். பாம்புப் பஞ்சாங்கத்தில் பல்லி விழும் பலன் பார்க்கிற முகத்தோடு சார் தன் டைரியைப் புரட்டுவார். கீல் தேய்ந்த ஒரு லேப்டாப் மூன்று முறை கத்தியபோது, நிஜமாகவே சுவரில் பல்லி கத்தி, சார் அதையும் சேர்த்து எண்ணி, நல்ல ராமைத் தூக்கிப்போட்ட கதையை அவர் வீட்டம்மா எனக்குத் தனியாகச் சொன்னார்.

என்னுடையது கத்தவில்லை. எறும்புதான் வந்தது. முதலில் ஒன்று, பிறகு ஃபேன் வழியாக ஒரு ஊர்வலம். "உள்ள கதகதப்பா இருக்கும், மழைக்காலத்துல குடி வந்திரும்" என்று சார் எறும்புகளுக்காகப் பரிந்து பேசினார்.

நான் கேட்க நினைத்தது ஒன்றுதான்: எப்போது சரியாகும்? அதைத் தவிர எல்லாவற்றுக்கும் பதில் வந்தது. செத்த பேட்டரியைப் பிளந்து ஆறு உருளைகளை வெளியே எடுத்து, "இது பேரு 18650. பதினெட்டு மில்லிமீட்டர் அகலம், அறுபத்தஞ்சு நீளம். பேருலயே அளவு இருக்கு பாத்தீங்களா" என்றார். இருட்டாகவே இருக்கும் திரையில் டார்ச்சைச் சாய்த்து அடித்தால் எழுத்து மங்கலாகத் தெரியும், அப்படித் தெரிந்தால் கெட்டது திரையில்லை, அதன் பின்னால் இருக்கிற விளக்கு என்று வேறொருவருடைய லேப்டாப்பில் காட்டினார். பொத்தான் பேட்டரி தீர்ந்தால் லேப்டாப்புக்குத் தேதி மறந்துபோகும். அது 2009இலேயே உட்கார்ந்துகொள்ள, இணையதளங்கள் எல்லாம் சான்றிதழ் சரியில்லை என்று கதவைச் சாத்தும். பக்கத்துத் தெருவில் ஒரு குடும்பமே இதற்காக ரூட்டரை மாற்றியதாம். இந்தக் கதையை மட்டும் என்னிடம் நான்கு முறை சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு முறையும் அந்தக் குடும்பத்தின் முட்டாள்தனம் கொஞ்சம் கூடும்.

அக்டோபரில் அவருக்குக் கூட்டம் தாங்கவில்லை. 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் வழக்கமான ஆதரவை நிறுத்தியது. ஆறு நாளில் தீபாவளி. வீடு ஒட்டடை அடிக்கிறவர்கள் பரணிலிருந்து இறக்கியதெல்லாம் சார் வீட்டுத் திண்ணைக்கு வந்தது. எல்லாவற்றுக்கும் லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுத்தார். மிகப் பழைய 32 பிட் கிழங்களுக்கு மட்டும் 19.3 பதிப்பு, ஏனென்றால் மின்ட்டின் முதன்மை வரிசையில் அந்த வகைக்கு அதுதான் கடைசி. கொண்டுபோனவர்கள் மறுநாளே வந்து "அந்த பழைய ஸ்டார்ட் பட்டன் வருமா சார்?" என்று கேட்டார்கள்.

மாதம் ஒருமுறை பறக்கும் ரயில் ஏறி சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கி ரிச்சி தெருவுக்குப் போவார். போவது ஒரு சார்ஜர் முனைக்காக. வருவது பை நிறைய. உயிரில்லாத போர்டுகள், யாரோ கழற்றிய கீபோர்டு, எதற்கும் பொருந்தாத ஒரு ஃபேன். "பின்னால உதவும்." பின்னால் என்பது அவர் கட்டிலுக்குப் பின்னால்.

ஒருநாள் நான் துணிந்து கேட்டேன்: "ஹார்டு டிஸ்க்கை எடுத்துட்டு எஸ்எஸ்டி போட்டா வேகமாயிடுமாமே சார்?"

அவருக்குத் தெரியாததல்ல. நிமிடத்துக்கு 5400 முறை சுற்றுகிற தட்டை எடுத்துவிட்டுச் சுற்றாத சில்லைப் போட்டால் எப்பேர்ப்பட்ட கிழமும் ஓடும். ஆனால் முகம் சுருங்கிவிட்டது. "அது ரிப்பேர் இல்லை தம்பி. அது ஷாப்பிங்."

அவர் வீட்டம்மாவின் பொறுமையைப் பற்றிச் சொல்லாவிட்டால் பாவம். சார் நெயில் பாலிஷ் ரிமூவர் ஊற்றி ஒரு கீபோர்டைத் துடைத்து, அழுக்கோடு எழுத்தும் போய், பிளாஸ்டிக்கும் பிசுபிசுத்தபோது அவர் ஒன்றும் சொல்லவில்லை. சிப்பின் அடியில் இருக்கும் நுண்ணிய ஈயக் குண்டுகள் விரிசல் விட்டால் சூடேற்றிக் கொஞ்ச நாள் ஓட்டலாம் என்று எங்கோ படித்துவிட்டு, கேக் சுடும் ஓவனுக்குள் போர்டை வைக்கப் போனபோது மட்டும், "அது உள்ள போச்சுன்னா நான் வெளிய போறேன்" என்றாராம். போர்டு வெளியே இருந்தது. ஐப்பசியில் ஒரு மழைநாள், பேத்திக்குப் பணியாரம் சுடுவதற்காக அவர் ஏழு குழியையும் ஒரே எவர்சில்வர் டம்ளரில் கவிழ்த்துவிட்டார். அது என் லேப்டாப்பின் ஸ்க்ரூ. சார் மூன்று நாள் பேசவில்லை. எனக்கும் இரண்டு பணியாரம் வந்தது. குற்ற உணர்ச்சியோடு சாப்பிட்டேன், நன்றாகவே இருந்தது.

மார்கழியில் ஒரு காலை, லேப்டாப் வந்தது. ஆன் ஆனது. வலது ஓரத்தில் சின்னதாக ஒரு கொப்புளம்.

"என்ன சார் கோளாறு?"

"சார்ஜர் சொருகுற இடத்துல பற்றவைச்சது விட்டிருந்தது. சார்ஜர்ல 19 வோல்ட் சரியா வருது, போர்டுக்குப் போகலை. மீட்டர் வெச்சதும் தெரிஞ்சிருச்சு."

"எப்ப வெச்சீங்க?"

கொஞ்சம் யோசித்தார். "நீங்க குடுத்த மூணாவது நாள்."

நான் பேசாமல் நின்றேன்.

"திறந்தது திறந்தாச்சு, ஃபேன் பாத்தேன். ஃபேன் பாத்தப்ப பேஸ்ட் காஞ்சிருந்தது. பேஸ்ட் வாங்கப் போனப்ப..." என்றவர் பாதியில் நிறுத்தி, என் கையிலிருந்த லேப்டாப்பை, பெண்ணை ரயிலேற்றிவிட்ட தகப்பன் போல் பார்த்துவிட்டுப் போனார்.

மூன்றாம் நாள் கோலப்பொடி கையோடு அவர் வீட்டம்மா வாசலுக்கு வந்தார். தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, தப்பா நினைச்சுக்காதீங்க. உங்க மாமியார் வீட்டுலயாவது ஓடாத லேப்டாப் ஏதாவது கிடக்கா? ரெண்டு நாளா மனுஷன் என் மிக்ஸியையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்காரு."