அரிக்கேன் வெளிச்சத்தில் பரோட்டா

மீட்டர்கேஜ் காலத்தில் விழுப்புரம் ஜங்ஷன் வந்தாலே பசிக்கும். தாம்பரத்துக்குத் தெற்கே 1960-களில் நீட்டிய மின்கம்பி அங்கே முடிந்துவிடும். கரண்ட் இன்ஜினைக் கழற்றி வேறு இன்ஜின் மாட்டும்வரை வண்டி நின்றாக வேண்டும். அதற்குள் ஜன்னல் வழியே இட்லிப் பொட்டலம் வரும். சட்னி காகிதத்தில் ஊறி மடியில் இறங்கும்.

பஸ்ஸில் போனால் திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே ஏதாவதொரு மோட்டல். திருவள்ளுவர் பஸ் இருட்டில் ஒதுங்கியதுமே ஒரு பையன் தகரத்தைப் படபடவென்று தட்டுவான்: "பத்து நிமிஷம்! சாப்பிடுறவங்க சாப்பிடலாம்!" ஸ்பீக்கர் காதைக் கிழிக்கும். டியூப்லைட்டைச் சுற்றி ஈசல். பரோட்டா ரப்பர், குருமா வெந்நீர், விலை மட்டும் மெட்ராஸ் விலை. டிரைவரும் கண்டக்டரும் உள்ளறையில் வறுவலோடு சாப்பிடுவார்கள். காசு கிடையாது; எங்களைக் கொண்டுவந்து இறக்கியதற்கு மரியாதை. நாங்கள் திட்டிக்கொண்டே சாப்பிட்டோம். மனசாரத் திட்டுவதற்கு வசதியான இடங்கள் அவை.

பிறகு ரோடு நாலு வழியானது. ஓரத்துப் புளியமரங்கள் போயின, விக்கிரவாண்டியில் சுங்கச்சாவடி வந்தது.

சமீபத்தில் குடும்பத்தோடு அந்த வழியில் ஓர் உணவகத்தில் இறங்கினோம். பெயர் வேண்டாம். வாசலில் மாட்டுவண்டி, மாடு இல்லை. முற்றத்தில் சிமெண்டில் ஓர் ஆலமரம், விழுதுகூட விட்டிருந்தார்கள். வெட்டின மரத்துக்கெல்லாம் சேர்த்து ஈடு செய்துவிட்டார்கள் போலும். கிளைக்கொன்றாய் அரிக்கேன் விளக்கு, உள்ளே எல்.இ.டி. சின்ன வயதில் கரண்ட் போனால் அலுத்துக்கொண்டு திரி ஏற்றிய சாமானை இங்கே என் மகள் விதவிதமாகப் படம் எடுத்தாள். திண்ணையில் உட்காரவைத்தார்கள். எங்கிருந்தோ மெல்ல வீணை. மண்பானை இருந்தது, தண்ணீர் கேட்டால் பாட்டில்தான். பானை பார்ப்பதற்காம்.

முக்கால் மணி நேரம் கழித்து, கையகலப் பொம்மை வண்டி ஒன்றில் பரோட்டா வந்தது. இருட்டில் எது குருமா, எது பாயசம் என்று பிடிபடாமல் என் மைத்துனர் செல்போன் டார்ச்சை அடித்தார். பிய்த்தேன். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தேன். தெரிந்த முகம்! அந்த மோட்டல் பரோட்டாவேதான். இத்தனை வருஷத்தில் அது வண்டி ஏற மட்டும் கற்றுக்கொண்டிருக்கிறது.

"சாப்பாடு எப்படி இருந்துச்சு சார்?" என்று கேட்டான் பில் கொண்டுவந்த பையன். நான் வாயைத் திறப்பதற்குள், "லைட்டிங் பிரமாதம்பா" என்றாள் என் மனைவி. உடனே க்யூஆர் அட்டையை நீட்டினான். மகள் அஞ்சு ஸ்டார் போட்டாள். படங்கள் அவ்வளவு நன்றாக வந்திருந்தன.

உள்ளே கூப்பிட்டபோது, "நீங்க சாப்பிடுங்க சார்" என்று நழுவிய எங்கள் டிரைவர், சர்வீஸ் ரோட்டுத் தள்ளுவண்டிப் பக்கம் நின்று கை கழுவிக்கொண்டிருந்தார். முட்டை தோசையாம். கல்லில் அடுத்தது சொய்யென்று விழுந்தது. "கிளம்பலாமா சார்?" என்றார், திருப்தியாக ஓர் ஏப்பத்தோடு.

"இருப்பா" என்று சொல்லிவிட்டு என் மனைவி தள்ளுவண்டியை நோக்கி நடந்தாள்.