விரலில் ஒட்டிய லத்தீன்

கேள்வி: தேர்தல் மையை ‘இன்டெலிபிள் இங்க்’ என்கிறார்களே, அந்த இன்டெலிபிள் எங்கிருந்து வந்தது?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: அழிக்க முடியாதது என்று பொருள். லத்தீனில் ‘தெலேரே’ என்றால் அழித்தல். முன்னால் ‘இன்’ சேர்ந்ததும் அர்த்தம் தலைகீழாகிவிட்டது. கணினியில் நாம் தட்டும் ‘டெலீட்’டும் அதே வயிற்றுப் பிள்ளைதான். அண்ணன் கண்டதையெல்லாம் அழிக்கிறான். தம்பி அழியவே மாட்டேன் என்கிறான்!

தம்பி தேர்தலுக்கு வருமுன் தேவாலயத்தில் இருந்தவன். திருமுழுக்கு, உறுதிபூசுதல், குருத்துவம் ஆகிய மூன்றும் ஆன்மாவில் அழியாத முத்திரை பதிப்பவை, அதனால் ஒருவருக்கு இரண்டாம் முறை தரக்கூடாது என்று 1547-இல் கத்தோலிக்கரின் திரெந்து பொதுச்சங்கம் சொன்னது. வாக்குச்சாவடியிலும் அதே நியாயம்தானே? ஆளுக்கு ஒரே ஒரு முறை!

இந்தியாவில் இந்த மை பொதுத்தேர்தலுக்கு வந்தது 1962-இல். செய்து தருவது மைசூரில் உள்ள கர்நாடக அரசு பெயின்ட் நிறுவனம். மையிலுள்ள சில்வர் நைட்ரேட் தோலின் உப்போடு சேர்ந்து, வெளிச்சம் பட்டதும் கறுத்துவிடும். சோப்புக்கெல்லாம் மசியாது. மேல்தோல் உதிர்ந்து, நகம் வளர்ந்து வெட்டுப்பட்டால்தான் போகும். ஆக, பெயர்தான் அழியாத மை; ஆயுள் சில வாரங்கள். நீங்கள் போட்ட ஓட்டின் பலன் ஐந்தாண்டு இருக்கும். யோசித்துப் போடுங்கள், ஆனால் கட்டாயம் போடுங்கள்.