பத்துப் புள்ளிக் கோலம்

ஏண்டா பேராண்டி, ஜீப்புக்கு அடியில படுத்துக்கிட்டு என்ன பண்ற? கிரவுன் ஆயில் மாத்துறியா? நல்ல சோலிதான். அதுக்கு எதுக்குடா சீர்வரிசை கணக்கா இம்புட்டுப் பரப்பி வச்சிருக்க? கறுப்பு சிலிகான், செவப்பு சிலிகான், சாம்பக் கலர்ல ஒண்ணு. பத்தாததுக்கு மீன் செதிலாட்டம் அலுமினிய மூடி வேற. காத்துப் பட்டு கிரவுன் குளுருமாக்கும்? போடிமெட்டு ஏத்தத்துல ஏலக்கா மூட்டையும் ஆளுமா இந்த எம்.எம். 540 முக்கி முக்கி ஏறுன காலத்துல, வேர்க்குதுன்னு எங்கிட்ட ஒரு நாளும் சொன்னதில்லையே.

வில்லிஸ்காரன் சண்டைக்குப் போட்ட ஜீப்போட வம்சம்டா இது. குண்டு விழுகுற எடத்துக்குப் போற வண்டிக்கே அவன் காகிதப் பேக்கிங்க வச்சுத்தான் மூடுனான். நீ குரங்கணி வரைக்கும் போயிட்டு வர மூணு கலர் கேக்குற.

சரி, ஊத்துற போல்ட்ட மொதல்ல கழட்டிப் பாத்தியா? இல்லையா? அது துருவேறி அசையமாட்டேன்னு நின்னுச்சுன்னா, கீழ வடிச்சதுக்கப்புறம் புது ஆயில எங்கிட்டு ஊத்துவ? மூடியத் தெறக்குறது பெருசில்லடா, மூட வழியிருக்கான்னு பாத்துல்ல தெறக்கணும்.

வடிச்ச ஆயில இங்கிட்டுக் கொண்டா. விரல்ல தொட்டுப் பாரு. மை மாதிரி ஒட்டுனா வெறும் தேய்மானம். அரிசி நொய்யாட்டம் நெருடுனா பல்லு பேந்திருக்குன்னு அர்த்தம். நல்லவேள, நெருடல. ஆனா என்னடா இது, பால் காப்பி மாதிரி வெளுத்துக் கெடக்கு? கொட்டகுடி ஆத்துல எறக்குனியோ? அதுலயும் ரப்பர் ரப்பரா மெதக்குதே, சேமியாப் பாயசமா காச்சுன? போன தடவ நீ அப்புன சிலிகான்டா அது. வெளிய பிதுங்குனத மட்டும் தொடச்சுட்டு அழகு பாத்த. உள்ள பிதுங்குனது யாரு கண்ணுல படும்?

மூடிய அந்தக் கடப்பாக் கல்லுல கவுத்து வையி. ஆடுதுல்ல? போல்ட்டுத் துளையச் சுத்திக் குழி விழுந்திருக்கு பாரு. ஒழுகுதுன்னு மூச்சப் பிடிச்சு முறுக்கியிருக்க. முறுக்க முறுக்கக் குழியும், குழியக் குழிய ஒழுகும். திருப்பிப் போட்டு, சுத்தியால மெல்லத் தட்டிச் சமமாக்கு. பழைய பசைய ரெண்டு பக்கமும் சொரண்டு. பெட்ரோல்ல தொடை. காயட்டும். எண்ணெத் தலையில பொட்டு ஒட்டுமாடா?

இனி அந்தக் கறுப்பு ட்யூப் ஒண்ணு போதும். ஒங்க ஆத்தா கம்பிக் கோலம் போடுறதப் பாத்திருக்கியா? புள்ளிய மிதிக்கமாட்டா, வளைச்சு ஓடுவா. இங்க போல்ட்டுத் துளை பத்தும் பத்துப் புள்ளி. துளைக்கு உள்பக்கமா, ஒரே இழையா, விட்டுப் போகாமச் சுத்திட்டு வா. சுண்டு விரல் தடிமன் வேணாம், 3 மில்லிமீட்டரு போதும். கொஞ்ச நேரம் ஏடு கட்டட்டும். பெறகு மூடிய வச்சு, பத்து போல்ட்டையும் கையால மட்டும் ஏத்து. ஒரு மணி நேரம் கழிச்சு எதிரெதிரா முறுக்கு. போதும்னு ஸ்பேனர் சொல்லும், கேளு.

ஆயிலு நாளைக்குத்தான். 90 நம்பரு, ஒண்ணரை லிட்டர் கிட்டக் குடிக்கும். துளை வாயில எட்டிப் பாத்தா நிறுத்து.

நில்லு, நில்லு. ஆக்சிலுக்கு மேல அது என்னடா செவப்பா? ஓட்டையா இருந்துச்சுன்னு அடைச்சுட்டியா? அடப்பாவி, அதுதான்டா பிரீதர்! இட்டிலிக் கொப்பரை மூடியில எதுக்குப் பொத்தல் வச்சான்? வண்டி ஓடச் சூடேறும், உள்ள காத்து உப்பும். போக வழியில்லாட்டி ஆயில் சீலைத் தள்ளிக்கிட்டு எண்ணெ வெளிய வரும். சூட்டோட ஆத்துல எறக்குனா, காத்துச் சுருங்கி, அதே சீல் வழியாத் தண்ணிய உறிஞ்சும். இப்பத் தெரியுதா பால் காப்பி எங்கிட்டு வந்துச்சுன்னு? ஒழுகுது ஒழுகுதுன்னு நீ மூடிய முறுக்குன, மூச்சுமுட்டுனது வண்டிக்கு.

கம்பிய விட்டு அதக் குத்தி எடு. அந்த அலுமினிய மூடியக் கடைக்காரன் திருப்பி வாங்குவானான்னு கேளு. மிச்ச சிலிகானத் தூக்கிப் போட்டுறாத. அடுப்படித் தொட்டி ஒழுகுதுன்னு ஆத்தா ஆறு மாசமாக் கத்திக்கிட்டிருக்கா.