வாலு வெச்ச எலி

ஏங்கண்ணு, பெங்களூர்ல கம்ப்யூட்டர் தட்டுற பெரிய மனுசா, வாத்தியார் 'சுட்டி'ன்னு சொன்னதுக்கு அப்படிச் சிரிச்சியே, வயித்து வலி நின்னுச்சா? தமிழ்ல சொன்னா பட்டிக்காடு, மவுசுன்னா நாகரிகமாக்கும். மவுசுன்னா எலிதானே சாமி? பொழுதன்னைக்கும் எலியைப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கறவனுக்கு எகத்தாளத்தைப் பாரு!

அமெரிக்காவுல எங்கல்பார்ட்டுன்னு ஒருத்தர். 1964 வாக்குல அவரும் கூட்டாளிகளும் ஒரு மரப்பொட்டி செஞ்சு, அடியில ரெண்டு சக்கரம் வெச்சாங்க. ஒயரு ஒண்ணு தொங்குச்சு. பட்டறையில இருந்தவங்க கண்ணுக்கு அது வாலாத் தெரிஞ்சுது, எலின்னுட்டாங்க. முதல்ல யாரு சொன்னதுன்னு அவங்களுக்கே ஞாபகமில்லையாம். 1970ல வந்த காப்புரிமைப் பத்திரத்துல அதுக்கு என்ன பேரு தெரியுமா? திரைக்கான எக்ஸ்-ஒய் இடங்காட்டி! அப்படிச் சொல்லி எவனாச்சும் கடையில கேட்பானா? பத்திரத்துப் பேரு பொட்டியில தூங்குது, பட்டப்பேருதான் ஊர் சுத்துது. இங்கயும் செல்லிடப்பேசின்னு எழுதி வெச்சாங்க, சனம் செல்லுன்னு சுருட்டிக்கிச்சு.

சுட்டிக்கு வா. இடத்தைச் சுட்டுறதால சுட்டி. ஆனா வாலுப் பையனையும் நாம சுட்டின்னுதானே சொல்றோம்? வெள்ளைக்காரன் வெளியில பார்த்த வாலு, நம்ம பேருக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டிருக்கு. சுட்டியை அமுக்கறதுக்குச் சொடுக்கறதுங்கறாங்க. விரல்ல சொடக்குப் போடற சத்தம் காதுல விழுதா இல்லையா? அந்தச் சொல்லைப் புடிச்சவன் நம்ம தோட்டத்துக்கு வந்தா இளநி வெட்டித் தருவேன். அகராதியைப் புரட்டி, வாயில நுழையாத பேரோட வர்றவனுக்கு மோருகூடக் கிடையாது.

ஃபைலையெல்லாம் மேகத்துல, அதான் உன்ற 'கிளவுடு'ல, போட்டு வெச்சிருக்கேங்கற. நெட்வொர்க்குக்குப் படம் போட்ட இஞ்சினியர், உள்ள என்ன இருக்குன்னு காட்ட வேண்டாத இடத்துல மேகத்தைக் கிறுக்கினான், அவ்வளவுதான் சங்கதி. மழை பெய்ஞ்சா சொல்லு, அண்டா வெக்கறேன்.

அப்புறம் புரோகிராம்ல பழுதுன்னா நீ சொல்ற 'பக்கு', அதாவது பூச்சி. 1947 செப்டம்பர் 9ஆம் தேதி, ஹார்வர்டுல மார்க்-2ங்கற கம்ப்யூட்டர் ரிலேக்குள்ள நிசமாவே ஒரு விட்டில் பூச்சி சிக்கிக்கிச்சு. எடுத்து நோட்டுல டேப் போட்டு ஒட்டி, மெய்யான பூச்சியே ஆப்பிட்டுதுன்னு நையாண்டியா எழுதி வெச்சாங்க. அந்த நோட்டு இப்ப மியூசியத்துல இருக்குது. பழுதைப் பூச்சிங்கறது அதுக்கும் முந்தின வழக்கம், 1878லயே எடிசன் எழுதியிருக்கார். அந்தப் பூச்சியைப் புடிக்கத்தான் உனக்கு மாசாமாசம் சம்பளம்ங்கற. பருத்திக் காட்டுல வெயில்ல நின்னு புழுப் பொறுக்கின உன்ற அப்பத்தாளுக்கு, அந்தக் கணக்குல எவ்வளவு பாக்கின்னு உங்க மேனேஜரைக் கேட்டுச் சொல்லு.