பீரோவிலேயே உரியும் ஜாக்கெட்

கேள்வி: செயற்கைத் தோல் ஜாக்கெட்டை நான் அதிகம் போட்டதே இல்லை. பீரோவில் தொங்கியபடியே செதில் செதிலாக உரிகிறதே, ஏன்?
- வாசகர், அல்சூர்

பதில்: போட்டால்தான் தேயும் என்பது பருத்திச் சட்டைக்கான சட்டம், செயற்கைத் தோலுக்கு அது செல்லாது. அந்த ஜாக்கெட்டின் உடம்பு துணி. மேலே பளபளப்பது பெரும்பாலும் பாலியூரித்தேன் என்னும் பிளாஸ்டிக்கின் மெல்லிய பூச்சு. அதில் பாலியெஸ்டர் வகையின் மூலக்கூறுச் சங்கிலிகளைக் காற்றிலுள்ள ஈரமே நாளடைவில் அறுத்துவிடும். பள்ளி வேதியியலில் படித்த நீராற்பகுப்புதான். அறும்போது உண்டாகும் அமிலம் அடுத்த அறுப்பை இன்னும் விரைவுபடுத்தும். ஆகவே ஜாக்கெட்டின் வயது, பில் போட்ட நாளிலிருந்து அல்ல, ஆலையில் பூச்சு பூசிய நாளிலிருந்தே ஓடுகிறது.

அருங்காட்சியகங்களுக்கும் இதே தலைவலி. 1960களின் பாலியூரித்தேன் பொருள்கள் பல, யாரும் தொடாமலே பிசுபிசுத்துப் பொடிகின்றன.

அல்சூரில் ஏரிக்கரை ஈரமும் நீண்ட மழைக்காலமும் அடைத்த பீரோவும் கூட்டுச் சேர்கின்றன. சென்னையில் வெப்பமும் சேர்வதால் வினை இன்னும் வேகமெடுக்கும்.

பி.வி.சி. ரெக்சினின் கதை வேறு: மென்மைக்காகச் சேர்த்த பொருள் மெல்லக் கசிந்து வெளியேற, அது விறைத்து வெடிக்கும்.

அசல் தோலுக்கான பாலிஷ் இந்தப் பூச்சுக்குள் இறங்காது, காசு மிச்சம். பாலித்தீன் உறையைக் கழற்றி, வெயில் படாத, காற்றோட்டமான இடத்தில் மடிக்காமல் தொங்கவிட்டால் ஆயுள் சற்று நீளும். உரியத் தொடங்கியதை நிறுத்த முடியாது. அடுத்து வாங்குவது பாலியீத்தர் அல்லது பாலிகார்பனேட் வகைப் பாலியூரித்தேனா என்று கேளுங்கள். ஈரத்தை அவை கூடுதலாகத் தாங்கும்.