டீம் லீட் பாகவதர்

பாட்டுக்காரராக வந்திருக்க வேண்டியவர். அவரேதான் சொல்கிறார், நாம் கேட்காமலேயே. சின்ன வயதில் சரளி வரிசை, பள்ளிக்கூடத்தில் பரிசுக் கோப்பைகள். பிளஸ் டூ வந்ததும் அப்பா சுருதிப் பெட்டியைப் பரணில் ஏற்றிவிட்டுக் கணக்கு டியூஷனில் சேர்த்தார். அப்புறம் இன்ஜினியரிங் கவுன்சலிங், கேம்பஸ் இன்டர்வியூ, கொஞ்ச நாள் ஆன்சைட், இப்போது ஓஎம்ஆரில் டீம் லீட். இந்த இடத்தில் நிறுத்துவார். நாம் உச்சுக்கொட்ட வேண்டும்.

அதோடு விட்டாலும் பரவாயில்லை. கடபயாதி என்று ஒன்று இருக்கிறதே! 72 மேளகர்த்தா ராகங்களில் எதை எடுத்தாலும், பெயரின் முதல் இரண்டு எழுத்தை எண்ணாக்கித் திருப்பிப் போட்டால் அதன் வரிசை எண் வந்துவிடும். மேசகல்யாணியில் ‘மே’க்கு 5, ‘ச’வுக்கு 6, திருப்பினால் 65. “ஹாஷ் ஃபங்ஷனை நம்ம ஆளுங்க அப்பவே கண்டுபிடிச்சுட்டாங்க சார்!” புதிதாகச் சேர்ந்த பையனிடம் சொல்வார், கிளையன்ட்டிடம் சொல்வார். ஏசி ரிப்பேருக்கு வந்தவர், பாவம், ஏணியில் நின்றபடியே முழுசாகக் கேட்டார். கல்யாணிக்கு முன்னால் ‘மேச’வை ஒட்டியதே இந்தக் கணக்குக்காகத்தானே என்று மடக்கினால், “அதுதான் பேக்வர்ட் கம்பேட்டிபிலிட்டி” என்பார்.

டெஸ்ட் சர்வருக்கு மாயாமாளவகௌளை என்று பெயர் வைத்திருக்கிறார். ஆரம்பப் பாடம் அந்த ராகத்தில்தானாம். போர்ட் எண் 8015. மறந்துபோய்க் கேட்டால் சொல்ல மாட்டார். ‘மா’ 5, ‘யா’ 1, நாமே கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டும். நடுராத்திரியில் சர்வர் படுத்துக்கிடக்கும்போது அந்தப் பெயரை ஆங்கில எழுத்தில் தட்டிப் பாருங்கள், தெரியும்.

கோடு எழுதும்போது தன்னை மறந்து தோடியை முனகுவார். இழைந்து வரும், சுருதி இம்மியும் விலகாது. அப்போது மட்டும் அந்த அப்பா மேல் எனக்கும் கோபம் வரும்.

கச்சேரியில் தனி ஆவர்த்தனத்தின்போது கேன்டீனுக்கு எழுந்துபோகிறவர்களை ரசனை கெட்ட ஜென்மங்கள் என்று திட்டுவார். டெஸ்டிங் ஆரம்பித்தால் முதலில் எழுந்துபோகிறவர் இவர். டிசம்பர் ஆன்-கால் பட்டியலில் அவர் பெயரை யாரும் பார்த்ததில்லை, சீசன் லீவாம். எங்கள் வீட்டிலும் கல்யாணம் காட்சி, காய்ச்சல் எல்லாம் உண்டு. இந்த வருஷமும் ரிலீஸ் டிசம்பரில்தான் வருகிறது. மேனேஜரிடம் சொல்லிப் பார்த்தேன். “அவர் ஆர்ட்டிஸ்ட், கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க” என்கிறார்.